நடை டீச்சரின் மகள்

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் முதல் மாடியில், படியேறியதும் இடதுகைப் பக்கம், நீளமான ஒரு கூடம் இருந்தது. தரையில் நீலப் பாய்கள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இடுப்பளவு உயரத்தில் இரண்டு கம்பிகள், மூலையில் உட்கார்ந்து உருளும் பெரிய பந்துகள். இந்தக் கூடத்தை ஆண்டவள் ஓர் இயன்முறை மருத்துவர். அவ்வளவு நீளமான பதவி எந்தக் குழந்தையின் வாயிலும் நுழையவில்லை. நடக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் நடை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் டாக்டர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நடை டீச்சருக்குத் தன் தொழிலில் கர்வம் உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது. ஒரு குழந்தை வாசலிலிருந்து மேசை வரை வந்து சேர்வதற்குள் அதற்கு என்ன கோளாறு என்று அவள் மனதுக்குள் எழுதி முடித்திருப்பாள். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் வருகிறதா, முட்டி இரண்டும் உரசுகிறதா, பாதம் உள்ளே திரும்புகிறதா, ஒரு பக்க இடுப்பு இறங்குகிறதா என்று எல்லாவற்றையும் நடையே சொல்லிவிடும். பெற்றவர்கள் வாயைத் திறந்து சொல்வதெல்லாம் அவளுக்கு உபரிதான். கடைத்தெருவில் போனாலும் அந்தக் கண் ஓய்வதில்லை. முன்னால் போகும் யாரோ ஒருவர் குழந்தையைக் காட்டி, அதற்கு ஒரு கால் நீளம் என்று காதோடு சொல்வாள். பஸ் ஓட்டுநரான அவள் வீட்டுக்காரருக்கு அப்போதெல்லாம் வேற்றாள் போல நாலடி தள்ளி நடக்கத் தோன்றும்.

வளரும் எலும்பு பெரியவர்கள் எலும்பின் சின்ன அளவு அல்ல, அது வேறு சாமான் என்பது அவள் பெற்றோர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். இரண்டாவது பாடம் முட்டியைப் பற்றியது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் எழுந்து நின்றுகொள்வாள்.

"குழந்தை முட்டி வலிக்குதுன்னு சொன்னா முட்டியைப் பாருங்க. அங்க ஒண்ணுமில்லைன்னா அதோட விட்டுடாதீங்க, தொடைக்கு மேல இடுப்பு மூட்டைப் பாருங்க. இடுப்புல இருக்கிற வலி முட்டியில வந்து கதவைத் தட்டும்."

பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்ப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு. பூசினாற்போன்ற உடம்பு, ஓயாத வாய். மருத்துவமனையில் அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து நேராகக் கூடத்துக்கு வந்துவிடுவாள். அப்பா வண்டியை டிப்போவில் விட்டு வர நேரமாகும், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கூடத்தின் மூலையில் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர். உண்மையில் அவள் எழுதியதைவிடப் பார்த்ததுதான் அதிகம்.

பார்த்ததை அப்படியே செய்து காட்டுவாள். கூடம் காலியான பிறகு வாசலுக்குப் போய், அங்கிருந்து ஒரு நடை நடந்து வந்து, "யார் இது?" என்பாள். நடை டீச்சர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "முட்டி தட்டுது. அந்த ரெட்டை ஜடைக்காரி" என்பாள். அடுத்து நுனிக்கால், அதற்கடுத்து ஆடி ஆடி வரும் வாத்து நடை. எதுவும் தப்பாது. பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவிகளுக்குக்கூட இவ்வளவு துல்லியம் கைகூடவில்லை என்று நடை டீச்சர் மாவு மாமாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. மாவு மாமா கீழ்த்தளத்தில் மாவுக்கட்டு போடுகிறவர். பிறவியிலேயே பாதம் உள்வளைந்த கைக்குழந்தைகளுக்கு வாராவாரம் கட்டை மாற்றி மாற்றிப் பாதத்தை நேராக்குவது அவர் வேலை. அவர் சிரித்துக்கொண்டே, பிள்ளைக்கு நல்ல விளையாட்டு பழக்கிவிட்டிருக்கிறாய் என்றார். அதில் கண்டிப்பு இருந்ததா பாராட்டு இருந்ததா என்று அவள் யோசிக்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

இந்த விளையாட்டுதான் வினையாயிற்று. அது இப்படி வந்தது.

ஒருநாள் வாலு கூடத்துக்குள் வலது காலை லேசாக இழுத்தபடி வந்தாள். நடை டீச்சர் ஒரு குழந்தையின் கணுக்காலை நீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தொப்பிக்காரப் பையன்" என்றாள். தொப்பிக்காரப் பையனுக்கு இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை தேய்ந்து போயிருந்தது. குணமாகிற நோய்தான், ஆனால் நாளாகும். வாலு, இல்லை, நிஜமாகவே முட்டி வலிக்கிறது என்றாள். நடை டீச்சர் சிரித்தாள். அந்தப் பையனும் முதல் நாள் அச்சு அசல் இதே வார்த்தையைத்தான் சொன்னான், அப்போது வாலு பந்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். வசனத்தைக்கூட விடவில்லையே என்று மெச்சிக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வாலு முட்டி வலி என்றாள். நடை டீச்சர் முட்டியை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தாள், மடக்கி நீட்டினாள். வீக்கமில்லை, சூடில்லை, ஒன்றுமே இல்லை. "ஆட்டம் போதும், போய்ப் படு" என்று தட்டி அனுப்பிவிட்டாள். எழுந்து நின்று சொல்கிற அந்த இரண்டாவது பாடம் அப்போது எங்கே போயிற்று என்றால், அது அடுத்தவர் பிள்ளைகளுக்கான பாடமாக இருந்தது. தன் பிள்ளை நடித்துக் காட்டுகிற பிள்ளை. நோய் என்ன, அதில் எங்கே வலிக்கும், அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கரைத்துக் குடித்த பிள்ளை. அவளை நம்புவதற்கு ஊரில் வேறு யாருக்கு முடிந்தாலும் அவள் அம்மாவுக்கு முடியாது.

அதற்கடுத்த வாரம் தொப்பிக்காரப் பையனும் அவன் அப்பாவும் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாலு படியேறி வந்து அவர்களைக் கடந்து போனாள், வலது காலை இழுத்தபடி. பையன் அவளையே பார்த்தான். அவன் அப்பா சத்தம் போடவில்லை. மகனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, தொப்பியைச் சரிசெய்வதுபோல் அவன் கண்ணை மறைத்தார். கதவருகே நின்றிருந்த நடை டீச்சர் இதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அந்த அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துப் பழித்துக் காட்ட வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்து, அந்தப் பையன் எவ்வளவு சிரமப்படுகிறான் தெரியுமா என்பது வரை ஒன்றையும் விடவில்லை. வாலு, நான் பழிக்கவில்லை என்று இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு முறையும் பாதியில் வெட்டப்பட்டாள்.

"இனிமே அந்தக் கூடத்துலயும் சரி, இந்த வீட்டுலயும் சரி, ஒழுங்கா நட. ஒரு தடவை நொண்டினே, அப்புறம் அங்க வரவே வேண்டாம்."

மறுநாளிலிருந்து வாலு ஒழுங்காக நடந்தாள்.

கொஞ்சம் மெதுவாக நடந்தாள், அவ்வளவுதான். சுவரோரமாக நடந்தாள். விளையாடக் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். "யார் இது?" என்ற கேள்வி நின்றே போயிற்று. திட்டு வாங்கியதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், தானாகச் சரியாகும் என்று நடை டீச்சர் விட்டுவிட்டாள். வீட்டுக்காரர்தான் ஒரு காலையில், பிள்ளை செருப்பு போடும்போது காலைத் தூக்கவே கஷ்டப்படுகிறாளே, ஒருமுறை பார்க்கக் கூடாதா என்று கேட்டார். எலும்பு விஷயத்தில் அவர் மனைவியை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் கேட்டதோடு சரி. "திட்டினதும் நொண்டல் நின்னுபோச்சே, பாத்தீங்கல்ல? நிஜ நோவுன்னா திட்டினா போகுமா?" என்றாள் அவள். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஓட்டை தெரிந்தது தூறல் விழுந்த ஒரு பிற்பகலில். கூடத்தில் ஒரு வாண்டு உட்கார்ந்திருந்தான். பாதம் திரும்ப வளையாமலிருக்க, நடுவில் கம்பி வைத்து இணைத்த ஜோடிக் காலணி அவன் காலில். தூங்கும்போது மட்டும் போட்டால் போதும் என்றாலும், அளவு பார்ப்பதற்காகப் போட்டிருந்தார்கள். அது பிடிக்காத கோபத்தில் கையிலிருந்த கிலுகிலுப்பையைச் சன்னல் வழியாக வீசிவிட்டான். அது எங்கே விழுந்தது என்று பார்க்க நடை டீச்சர் சன்னலில் தலையை நீட்டினாள்.

கீழே தெரு. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். பஸ் ஒன்று அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. ஒரு கறுப்புக் குடை தெருவைக் கடந்தது. மேலிருந்து பார்க்கையில் குடையும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான் தெரிந்தன. பிள்ளைக் கால்கள். வலது பாதம் நன்றாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் காலை ஊன்றும் போதெல்லாம் குடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கிலுகிலுப்பை நடை டீச்சருக்கு மறந்தே போயிற்று. இது முட்டியில்லை, இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் தலை சரிந்துகொண்டிருக்கிறது என்று அவள் மனது எழுதி முடித்துவிட்டது. இந்தக் காலை இனி ஒரு அடிகூட ஊன்றக் கூடாது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இந்த அளவுக்கு முற்றுகிறவரை வீட்டில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கீழே ஆளனுப்பி அந்தப் பிள்ளையை நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

மருத்துவமனைப் பின்வாசலுக்கு வந்ததும் குடை மடங்கியது. உள்ளே இருந்தது வாலு.

வாலு அண்ணாந்து பார்க்கவில்லை. குடையை உதறினாள். வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வலது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி நேராக வைத்தாள், முதுகை நிமிர்த்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்து உள்ளே போனாள்.

நடை டீச்சருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கால் ஓடியது. வாண்டை அவன் அம்மாவின் மடியில் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாகப் படிக்கட்டுக்கு வந்தாள். வாலு அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

"அங்கயே நில்லு. ஏறாத. அப்படியே உக்காரு."

வாலு கைப்பிடியைப் பற்றியபடி அண்ணாந்து பார்த்தாள். அம்மா ஓடிவந்த வேகத்தையும் முகத்தையும் பார்த்து அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது.

"நான் ஒழுங்காதாம்மா நடந்தேன்."

நடை டீச்சர் பிற்பாடு எத்தனையோ விஷயங்களை மறந்தாள், இந்த ஒரு வாக்கியத்தை மறக்க முடியவில்லை. அவள் படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கால் தரையில் படாதபடி அதைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மாவு மாமா சக்கர நாற்காலியோடு வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

எலும்பு டாக்டர் வாலுவைப் படுக்க வைத்து, வலது தொடையை வயிற்றை நோக்கி மடக்கினார். அது நேராக வராமல் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு போனது. இந்தச் சோதனைக்கு ஒரு டம்ளரைக் கழுவுகிற நேரம் ஆகாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நடை டீச்சரே செய்திருக்கிறாள். எக்ஸ்ரே வந்தது. தொடை எலும்பின் தலை, பானைமேல் வைத்த மூடி நகர்ந்தாற்போல, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வளர்கிற வயதில், அதுவும் கொஞ்சம் எடை கூடுதலான பிள்ளைகளுக்கு வருவதுதான். முழுக்க நழுவியிருந்தால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் நின்று மூட்டே வீணாகியிருக்கும். நழுவவில்லை. உடனே திருகாணி போட்டு இருக்கிற இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவு நாளா வலின்னு சொல்றா?"

பெற்றோர்கள் உட்காரும் நாற்காலியில் நடை டீச்சர் உட்கார்ந்திருந்தாள். இதே கேள்வியைப் புருவத்தை உயர்த்தியபடி எத்தனையோ பேரிடம் கேட்டவள். அவர்கள் பூசி மெழுகுவதைப் பார்த்து உள்ளுக்குள் சலித்துக்கொண்டவள். ரொம்ப நாளாகச் சொல்கிறாள், நான்தான் நம்பவில்லை என்றாள். டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். அவர் புருவம் உயரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் சரிந்தால் அடுத்த பக்கமும் சரிகிறது. வாலுவுக்கும் அப்படி ஆகும் என்று இல்லை, ஆகாது என்றும் இல்லை. இடது தொடையிலோ முட்டியிலோ கவட்டையிலோ கொஞ்சம் வலித்தாலும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், காலைத் தரையில் வைக்காமல் இங்கே வந்துவிட வேண்டும். இதை அவர் வாலுவைப் பார்த்துத்தான் சொன்னார். வாலு சமர்த்தாகத் தலையாட்டினாள். நடை டீச்சருக்கு அந்தத் தலையாட்டல் தெரிந்தது. வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்க்கும் பெற்றோர்களின் தலையாட்டல் அது.

ஊன்றுகோலில் சில வாரங்கள் போயின. எலும்பு பிடித்துக்கொண்டதும் பயிற்சி ஆரம்பித்தது. வேறு ஒருவரிடம் விடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நடை டீச்சர் கேட்கவில்லை. கெடுத்தவளே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கூடத்தின் சுவரில் முகங்கள் வரைந்த அட்டை ஒன்று தொங்கியது. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் அதில் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டும். பாயில் ஒருக்களித்துப் படுத்து வலது காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்வாள் நடை டீச்சர். வாலு தூக்குவாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

அட்டையை நீட்டினால் சிரிக்கிற முகத்தைத் தொடுவாள். அப்போது அவள் கால் விரல்கள் பாயைக் கிள்ளிப் பிடித்திருக்கும், நெற்றி வேர்த்திருக்கும். நடை டீச்சர் நிறுத்தச் சொன்னால், வேண்டாம், ஒன்றும் வலிக்கவில்லை என்று இன்னும் இரண்டு தடவை தூக்கிக் காட்டுவாள். அடம்பிடிக்கிற பிள்ளைகளை நடை டீச்சருக்கு வழிக்குக் கொண்டுவரத் தெரியும். அழுகிறவர்களுக்கு வேடிக்கை காட்டவும், ஏமாற்றுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கவும் தெரியும். சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வலியே இல்லை என்கிற பிள்ளையை என்ன செய்வது என்று அவள் படித்ததில்லை.

ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். "அம்மா தப்பு பண்ணிட்டேன். நீ சொன்னப்போ நம்பியிருக்கணும். இனிமே நீ எது சொன்னாலும் நம்புவேன்." வாலு ஊன்றுகோலைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லைம்மா" என்றாள், காலை மிதித்துவிட்ட சக பயணியிடம் சொல்வதுபோல.

நடை டீச்சரைப் பயமுறுத்தியது வலது கால் அல்ல, இடது கால். வலதில் திருகாணி இருந்தது. இடதில் இந்தப் பிள்ளையின் வாயைத் தவிரக் காவல் எதுவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கதவிடுக்கு வழியாகவும் பார்த்தாள், முற்றத்தில் துணி உலர்த்துகிற சாக்கிலும் பார்த்தாள். வாலு எப்போது பார்த்தாலும் ஒழுங்காக நடந்தாள். நொண்டலை எப்படி மறைப்பது என்று தெரிந்த பிள்ளை, இடது பக்கம் சரிந்தாலும் ஒழுங்காகவே நடப்பாள். அந்த மருத்துவமனையே மெச்சிய கண் இப்போது ஒரு காசுக்கும் பிரயோஜனப்படவில்லை. வாலு தானாகச் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் மூட்டு போய்விடும். இப்படியே மாதங்கள் ஓடின.

ஒரு காலையில் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். நடை டீச்சர் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அன்று கூட்டம் அலைமோதும் நாள். வெளியூரிலிருந்தெல்லாம் கைக்குழந்தைகளோடு வருவார்கள். வாலு மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டுக்கொண்டிருந்தாள். பால் ஆறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"இடது முட்டி வலிக்குது."

நடை டீச்சரின் கை தானாக முட்டியை அழுத்திப் பார்க்கப் போயிற்று. பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டாள். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்கவில்லை.

"காலைக் கீழ வைக்காத" என்றாள்.

வாடகைக் காருக்குச் சொன்னாள். டாக்டருக்குச் சொன்னாள். கூடத்தில் அவளுக்காகக் காத்திருக்கப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பும்படி மாவு மாமாவிடம் சொன்னாள். கார் வந்ததும் மேசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, முதுகில் ஏறிக்கொள்ளச் சொன்னாள். வாலு, நான் கனமாக இருப்பேன் என்றாள். ஏறு என்றாள் அம்மா. வாலு கனமாகத்தான் இருந்தாள். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்து கார்வரை போய்ச் சேர்வதற்குள் நடை டீச்சரின் சொந்த முட்டி இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன.

டாக்டர் ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார். இடது தொடையை மடக்கினார். நேராக வந்தது. சுழற்றினார், தடையில்லாமல் சுழன்றது. எக்ஸ்ரேயை முன்னும் பக்கவாட்டுமாக எடுத்துப் பார்த்தார். மூடி பானைமேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒன்றுமே இல்லை, எதற்கும் சில நாள் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார். நடை டீச்சர் அவருக்கு நன்றி சொன்ன குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கீழே மூன்று கைக்குழந்தைகள் திரும்பிப் போகிற வழியில் அழுதுகொண்டிருந்தன.

வீட்டுக்குத் திரும்புகையில் கார் ஒரு சிக்னலில் நின்றது. வாலு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"வலிக்கலைம்மா."

"இப்ப போயிடுச்சா?"

"காலைலயும் வலிக்கலை. சும்மா சொன்னேன்."

சிக்னல் விழுந்தது, கார் கிளம்பியது. நடை டீச்சருக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. தள்ளிப்போன அறுவை சிகிச்சை, திரும்பிப் போன கைக்குழந்தைகள், டாக்டர் முகத்தில் இனி எப்படி விழிப்பது, தன் முட்டி வலி எல்லாம் வரிசையாக வாய்வரை வந்து நின்றன. திட்டுவதற்கு இதைவிட நியாயமான காரணம் ஒரு தாய்க்குக் கிடைக்காது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"சொன்னா நீ என்ன பண்றேன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்துட்டியா?"

"ம்."

கோபம் இறங்க இறங்க, அதற்கடியில் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயம் மேலே வந்தது. அதுவும் மெல்லப் போயிற்று. இடது மூட்டு நன்றாக இருக்கிறது என்கிற செய்தி அப்போதுதான் முழுசாக அவளுக்குள் இறங்கியது.

"இன்னொரு தடவை பாக்கணும்னு தோணுச்சுன்னா, பாத்துக்கோ" என்றாள். "அப்பவும் தூக்கிட்டு வருவேன்."

வாலு முதல் முறையாகச் சன்னலிலிருந்து திரும்பினாள். அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"வலது பக்கம்தான் வலிக்குது. ஸ்க்ரூ போட்ட பக்கம். காலைப் பக்கவாட்டுல தூக்கச் சொல்றப்பல்லாம் வலிக்குது. ஆரம்பத்துலேருந்தே."

பயிற்சியைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும் வலி அது. நடை டீச்சரின் கை மறுபடியும் தொடைப் பக்கம் போகப் பார்த்தது. அதை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வலிக்குது? சொல்லு."

வாலு சொன்னாள். எந்த இடம், எந்தப் பயிற்சிக்கு, குத்துகிற மாதிரியா இழுக்கிற மாதிரியா, எது பொறுத்துக்கொள்ள முடிந்தது, எது முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். திருகாணி போடுவதற்கு முன்னால் வலித்ததையும் சொன்னாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனைக் கடந்து போன நாளையும் சேர்த்து. கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நடை டீச்சர் கதவைத் திறக்கவில்லை. வாலு இன்னும் சொல்லி முடிக்கவில்லை.